மெட்ராஸ் போய்ச் சேராத பலகை

விளையாட்டுப் பலகை செய்து விற்கிற தொழிலில், விற்கிற வரைக்கும்தான் விளையாட்டு. அதற்கப்புறம் யாராவது பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாலே கண் பின்வாசலைத் தேடும். நீங்களும் சின்னதாக எதையாவது செய்து, நாலு பேருக்கு விற்றுவிட்டு, அந்த நாலு பேர் கண்ணில் படாமல் சந்து வழியாக நடந்தவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அந்தமானில், போர்ட் பிளேரின் பத்துபஸ்திப் பகுதியில், ஒரு தகரக் கொட்டகையில் நானும் அப்பாராவும் இந்தத் தொழிலைச் செய்தோம். அப்பாராவ் ஸ்ரீகாகுளத்துத் தச்சர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மர ஆலையில் கழித்துப் போட்ட படாக் மரத் துண்டுகளை இழைத்து ஒட்டிப் பலகையாக்குவது அவர் வேலை. நான் ஆபீஸ்களுக்குப் பெயர்ப் பலகை எழுதும் பெயிண்டர். கட்டம் போட்டு, படம் வரைந்து, எழுத்தை எழுதுவது என் வேலை. எங்கள் ஆட்டத்தின் பெயர் ‘ஊருக்குப் போகலாம்’. எண்பது கட்டம். முதல் கட்டம் போர்ட் பிளேர் ஜெட்டி, கடைசிக் கட்டம் மெட்ராஸ் துறைமுகம், நடுவில் கடல். ‘லீவு கிடைத்தது, பத்துக் கட்டம் ஏறு’ என்று ஒன்று இருக்கும். ‘கப்பல் லேட், இருபது கட்டம் இறங்கு’ என்று மூன்று இருக்கும். இந்தி, தமிழ், வங்காளம் மூன்றிலும் எழுதினோம். வாங்குகிற கூட்டம் அந்த மூன்றில்தான் இருந்தது.

இதை நான் விற்பதற்காக உண்டாக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் என் மனைவி செண்பகம் சங்கரன்கோவிலில் அவள் அம்மா வீட்டிலேயே இருந்தாள். கடல் தாண்ட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். எனக்கோ பிழைப்பு இங்கேதான். அவளை நினைத்துக்கொண்டே வரைந்த முதல் பலகையை அவளுக்கே பார்சலில் அனுப்பினேன். அவள் வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

பத்து வீட்டுக்கு ஒரு பலகை

மாயாபந்தர் பக்கத்திலிருந்து ஸா ஜான் என்று ஒரு படகோட்டி வந்தார். பர்மாவிலிருந்து வந்து இங்கே குடியேறிய கரேன் ஜனங்களில் ஒருவர். எங்கள் இந்திப் பலகையை யார் வீட்டிலோ பார்த்திருக்கிறார். தங்கள் பாஷையில் ஒன்று வேண்டும் என்றார், தீவில் எல்லாரும் பேசுகிற அந்தக் கலப்பு இந்தியில். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று அப்பாராவ் கேட்டார். ஸா ஜான் விரல் விட்டு எண்ணினார். பத்து வீடு. ஆனால் பலகை ஒன்றே ஒன்று போதும், பத்து வீடும் மாற்றி மாற்றி ஆடிக்கொள்வார்களாம்.

அப்பாராவ் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போய், இந்திப் பலகைக்கே ஆள் காத்திருக்கும்போது இது தேவையா என்று பிடிபிடியென்று பிடித்தார். ஆனாலும் அந்த மனுஷர் ஒரு பலகைக்காக இரண்டு நாள் படகில் வந்திருக்கிறாரே, மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எழுத்தில் எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. அவர் தாளில் எழுதித் தந்ததை, பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்தேன். இரண்டு நாள் வேலை ஆறு நாளானது. பலகையை வாங்கிக்கொண்டு அவர் போன திசையைப் பார்த்தபடி அப்பாராவ் சொன்னார்: “அரே பாபு, நீ எதைத் தலைகீழா எழுதியிருக்கியோ, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பகுத் அச்சா யாவாரம்!”

மூன்று பக்கப் புகார்

ஒன்றரை மாதம் கழித்து ஸா ஜான் பலகையோடு திரும்பி வந்தார். அவர் கையில் மூன்று பக்கத்துக்கு எழுதிய நோட்டுத்தாள் வேறு. யார் ஆடினார்கள், எந்தக் கட்டத்தில் நின்றார்கள், பகடையில் என்ன விழுந்தது, பிறகு எங்கே போனார்கள் என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்திருந்தார். விஷயம் இதுதான். எழுபத்தொன்று முதல் எழுபத்தாறு வரை ஆறு கட்டமும் இறக்கம். பகடையில் ஆறுக்கு மேல் விழாது. எழுபதில் நிற்பவன் எதைப் போட்டாலும் அந்த ஆறில் ஒன்றில் விழுந்து கீழே இறங்குவான். அதைத் தாண்ட ஏணியும் இல்லை. ஆக, யாரும் எந்த ஜென்மத்திலும் மெட்ராஸ் போய்ச் சேர முடியாது. முதலில் ஐந்து இறக்கம்தான் வைத்திருந்தேன். தமாஷுக்கு ‘எஞ்சின் ரிப்பேர்’ ஒன்றும் இருக்கட்டும் என்று அப்பாராவ் சொல்ல, எழுபத்து நான்கில் நானே அதையும் எழுதியிருந்தேன்.

இது கரேன் பலகையில் மட்டும் உள்ள தப்பு அல்ல. எல்லாப் பலகையிலும் அதே ஆறு கட்டம். டஜன் டஜனாக விற்றிருக்கிறோம், ஒருவர்கூட மூச்சு விடவில்லை. நீங்கள் மட்டும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “நாங்க யாரும் மெட்ராஸ் பார்த்ததில்ல பாபு. பலகையிலயாவது பார்த்துடலாம்னு பத்து வீடும் சேர்ந்து ஒரு மாசம் உருட்டினோம்” என்றார் ஸா ஜான். ஆறு மாதமாக எங்கள் பலகையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு தமிழ் குமாஸ்தாவிடம் போய், ஏன் சார் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “மெயின்லேண்டுக்குப் போறதுன்னா அப்படித்தான்யா இருக்கும்னு நெனச்சோம்.”

பார்சலில் போன தப்பு

ஸா ஜானின் பலகையில் எழுபத்து நான்காம் கட்டத்துக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் பலகை செண்பகத்திடம் இருக்கிறது. அதிலும் அந்த எஞ்சின் ரிப்பேர் இருக்கிறது. எட்டு மாதமாக அவள் அதை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறாள். தூரிகையை வைத்துவிட்டு உடனே எழுதினேன். எழுபத்து நான்கில் உள்ளதை அழித்துவிடு, அது என் முட்டாள்தனம், ஆட்டத்தில் வேறு கோளாறு இல்லை என்று.

அடுத்த கப்பலில் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கொட்டகையில் மரத்தூளின் மேல் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “அத்தான், இத முன்னாடியே சொல்லக் கூடாதா? நானும் அம்மையும் தெனம் ஆடுதோம். எத்தன ஆட்டம் ஆடினாலும் நீங்க நடுக்கடல்லயே நிக்கீங்க. அந்தக் கடலுக்கு நான் எப்படி வருவேன்?”

மரைன் ஹில் பகடை

எல்லாப் பலகையையும் தேடிப் பிடித்து எழுபத்து நான்கைத் திருத்திக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில் ஊருக்குள்ளேயே இருந்த மரைன் ஹில்லிலிருந்து வேறு மாதிரி புகார். அங்கே ஒரு தஞ்சாவூர்க்காரர், ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட். அவர் பலகையை முதலிலேயே திருத்திவிட்டோம். அவர் வீட்டுப் பகடையில் எப்போது உருட்டினாலும் ஆறே விழுகிறது என்று, கூட ஆடித் தோற்ற பக்கத்து வீட்டுக்காரர் வந்து சண்டை பிடித்தார். போய்ப் பார்த்தேன். மழை ஈரத்தில் மரப் பகடை ஒரு பக்கம் ஊதிப் பருத்துக் கிடந்தது. இந்த ஊரில் மழைக்காலத்தில் தீப்பெட்டியே ஊறிவிடும், பகடை எம்மாத்திரம்? புதிதாக ஒன்று தருகிறேன் என்று பையைத் திறந்தேன்.

சூப்பரின்டெண்டென்ட் ஆபீஸுக்குப் போயிருந்தார். ஆறு வருஷமாக மாற்றலுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கும் மனுஷர். அவர் மனைவி என் கையிலிருந்து பழைய பகடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னது: “மாத்திடாதீங்க தம்பி. ஆபீஸ்லதான் விட மாட்டேங்கறாங்க, வீட்டுலயாவது தினம் ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வரட்டும்.”

ஜெயித்தவன் கப்பலேறுகிறான்

ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த ஹாராதன் தாதா, அதாவது ஹாராதன் அண்ணன், கொண்டுவந்த புகார்தான் என்னைத் தூக்கிப் போட்டது. நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்து, கல்கத்தா முகாமில் கிடந்து, பிறகு ஹேவ்லாக்கில் நிலம் கிடைத்துக் காடு திருத்திய விவசாயி அவர். வங்காளப் பலகையில் எழுத்துப் பிழையா, வண்ணம் உரிந்துவிட்டதா என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு, “ஜெயிச்சவன் தீவை விட்டுப் போயிடறான். தோத்தவன்தான் இங்கேயே நிக்கிறான். என் பிள்ளைங்க தினம் இதைத்தானே பாபு ஆடறாங்க?” என்றார். 

அவருக்காக ஆட்டத்தையே திருப்பிப் போட்டேன். கடைசிக் கட்டம் ஹேவ்லாக்கில் அவர் வயல். நடுவில் ‘காடு வெட்டியாச்சு, ஏறு’, ‘நெல்லில் பன்றி புகுந்தது, இறங்கு’. அவர் சந்தோஷப்படுவார் என்று முதல் கட்டத்தில் நானாகவே அவருடைய பழைய கிராமத்தை வரைந்தேன், ஆறு, படகு, வாழைத் தோப்பு எல்லாம் வைத்து. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அழகா இருக்கு பாபு. ஆனா அழிச்சிடுங்க. இறக்கத்துல விழுந்து என் பிள்ளை திரும்ப அங்க போயிட்டா நான் என்ன செய்வேன்? கல்கத்தா ஜெட்டியே போதும்.”

ஒரே ஓர் ஆளுக்கு

கல்கத்தா ஜெட்டியை வரைந்து முடித்தபோது அப்பாராவ் பக்கத்தில் வந்து நின்றார். உன் பெண்டாட்டிக்கு எந்தப் பலகையை அனுப்பினாய் என்று கேட்டார். பழையதுதான், போர்ட் பிளேரில் தொடங்கி மெட்ராஸில் முடிகிறது என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வருஷக்கணக்கில் வா வா என்று நூறு கடிதம் எழுதியவன் நான். அவளிடம் கொடுத்த பலகையிலோ ஒவ்வொரு தடவையும் நான்தான் அவளிடம் போகிறேன். அப்பாராவ் சொன்னார்: “பாவம், அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு? நீ வர்றேன்னு நீயே எழுதி, கலர் அடிச்சுக் குடுத்திருக்கே. அவ உக்காந்து வெயிட் பண்றா!”

அவரே நல்ல படாக் துண்டாகப் பொறுக்கி இழைத்துக் கொடுத்தார். பத்து வீட்டுக்காக ஒரு பலகையா என்று கத்திய அதே மனுஷர். முதல் கட்டம் சங்கரன்கோவில், கடைசிக் கட்டம் போர்ட் பிளேர் ஜெட்டி. நான் பொய் எதுவும் எழுதவில்லை. கப்பல் குமட்டலுக்கு நாலு கட்டம் ஒதுக்கினேன். தகரக் கூரை ஒழுகும் என்றும் எழுதினேன். காய்கறி கிடைக்காத வாரங்களுக்கு ஒரு கட்டம், மீனுக்கு ஒரு ஏணி. முழுதாக ஒரு வாரம் வேலை செய்து அனுப்பினேன். கப்பல் போய், கப்பல் வந்து, கடைசியில் கடிதம் வந்தது. ஸா ஜானிடம் படித்தவள் மாதிரி நம்பர் போட்டுப் புகார் எழுதியிருந்தாள். மெட்ராஸில் கப்பல் ஏற்றிவிடத் தம்பி வருவான், அதனால் ‘மெட்ராஸில் வழி தெரியவில்லை, இறங்கு’ என்ற இறக்கத்தை எடுத்துவிடவும் என்பது ஒன்று. ஜெட்டி படத்தில் ஆளே இல்லை, தான் இறங்கினால் யார் நிற்பார் என்பது இரண்டு. மூன்றாவதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: “வர்றதுக்கு எண்பது கட்டம் போட்டிருக்கீங்க அத்தான். அம்மையப் பாக்கத் திரும்பிப் போறதுக்கு ஒரு கட்டம்கூட இல்லையே. அது இருக்குன்னு எழுதுங்க, நான் பெட்டியக் கட்டுதேன்.”

எண்பத்தொன்று

இத்தனை நாள் அவள் கடலுக்குப் பயப்படுகிறாள் என்றே நினைத்திருந்தேன். கடல் ஒரு பக்கம்தான் இழுத்துக்கொள்ளும், திருப்பித் தராது என்பதுதான் அவள் பயம். அதை இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. என் பலகையிலும் திரும்பிப் போவது என்றால் இறக்கம்தான், தண்டனைதான். அதே மாதிரி இன்னொரு பலகை எடுத்து, ஜெட்டியில் ஓர் ஆளை நிற்க வைத்தேன், என் சட்டை, என் மீசையோடு. அப்புறம் பலகை ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, எண்பத்தொன்று என்று ஒரு கட்டம் போட்டேன். ‘வருஷம் ஒரு தடவை அம்மா வீடு. போக, வர.’ அதை எழுதுவதற்கு முன் தூரிகையை இரண்டு தடவை கழுவினேன். எழுதிக் கொடுத்துவிட்டால் செய்தாக வேண்டுமே. எட்டிப் பார்த்த அப்பாராவ் கேட்டார்: “ஆட்டம் முடிஞ்ச பிறகு எதுக்குப்பா ஒரு கட்டம்?”

அந்தப் பலகையை அனுப்பினேன், மழை நின்று முதல் கப்பலில் அவள் வந்தாள். ஜெட்டியில் நான் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். முகம் வெளுத்து, ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையால் கப்பல் படிக் கயிறுமாக, ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஓடிப் போய்ப் பெட்டியை வாங்கினேன். தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, தீவில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இது: “குமட்டலுக்கு நாலு கட்டம் போட்டிருந்தீங்க. நான் எண்ணிக்கிட்டே வந்தேன், ஏழு. நான் அம்மையப் பாக்கப் போறதுக்குள்ள அதத் திருத்திருங்க அத்தான்.”

ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிப் போனவர்கள் ஒருவர் முகமும் இன்று எனக்கு நினைவில்லை, நம்பர் போட்டுக் குறை சொன்ன அந்த ஒரு வாடிக்கைக்காரி மட்டும் அடுத்த அறையில் உட்கார்ந்து, இதை எழுதி முடித்ததும் தன்னிடம் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.