கண்ணாடியில் ஆடாத நீர்

காசிமின் கண்களைப் பறித்தவன் நான். பழியையும் அவன் தலையிலேயே போட்டவன் நான்!

நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காசிம் என் தங்கை மரியத்தின் கணவன். அறுபதுகளில் நான் ரயில் டிரைவர். அவன் என் எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன். கிளாஸ்கோவில் செய்து கப்பலேற்றிய கிழட்டு நீராவி எஞ்சின் எங்களுடையது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சரக்கு வண்டி இழுத்தோம்.

கொதிகலனில் நீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதன் துளைகளில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும். ஆகையால் புறப்படுமுன் அதைத் திறந்து சோதிக்க வேண்டும். அது டிரைவரின் கடமை... என் கடமை.

அன்று சிதம்பரத்தில் நான் சோதிக்கவில்லை. சோம்பலா? இல்லை. இத்தனை காலம் ஓட்டியவனுக்கு எதற்குச் சோதனை என்ற செருக்கு!

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் காசிம் அந்தக் குழாயையே உற்றுப் பார்த்தான்.

"மச்சான், வண்டி இந்தக் குலுக்கு குலுக்குது, கண்ணாடியில தண்ணி ஆடவே மாட்டேங்குது. ஒரு தபா தொறந்து பாத்துடுங்க."

"பாதிக் கண்ணாடி தண்ணி தெரியுது இல்ல? எனக்கே பாடம் நடத்துறியா? கரியப் போடுடா!"

அவன் குனிந்து நெருப்பறைக் கதவைத் திறந்தான்...

நெருப்பறையின் கூரையில் ஈயம் அடைத்த திருகு ஒன்றை வைத்திருந்தான் வெள்ளைக்காரன். நீர் வற்றினால் ஈயம் உருகும்; நீராவி நெருப்பின்மேல் இறங்கி, கொதிகலன் வெடிக்காமல் காக்கும். அன்று எஞ்சின் தப்பியது. திறந்த கதவு வழியே சீறிய ஆவி காசிமின் முகத்தில் பாய்ந்தது.

ஐயோ, அந்த அலறல்!

கடலூர் ஆஸ்பத்திரியில், அவன் கட்டிலருகிலேயே அதிகாரி என்னை விசாரித்தார். "கண்ணாடியச் சோதிச்சாச்சுன்னு காசிம்தான் சொன்னான் சார். நம்பிப் பொறப்பட்டேன்" என்றேன்.

கண்கட்டோடு கிடந்தவன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு, "ஆமா சார். தப்பு என்னுதுதான்" என்றான்.

அதிகாரி போனதும் என் கையைத் தேடிப் பிடித்தான். "எனக்கு இனிமே வேலை இல்ல மச்சான். உங்களுக்கும் போயிட்டா மரியத்துக்கு யாரு சோறு போடுவா?"

அப்போதே அதிகாரியின் பின்னால் ஓடியிருக்கலாம்... ஓடவில்லை. அழுதேன். அழுவது சுலபமாயிருந்தது!

கடலூர் முதுநகரில் என் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. மரியமோ கணவனைக் குத்திக்கொண்டே இருந்தாள். தட்டை அவன் கையில் வைக்கும்போதும், "உங்க அஜாக்கிரதையாலதானே எங்கண்ணனுக்கு ரெண்டு பேரும் பாரமாயிட்டோம்!" என்பாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிடாதிருக்க, அவன் என் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட மாட்டான். அந்தக் கருணையை என்னால் தாங்க முடியவில்லை... அவனையே வெறுத்தேன்!

நான் ஓய்வு பெற்றபின், அந்த எஞ்சினுக்குக் கறுப்பு வண்ணமடித்துக் காட்சிக்கு நிறுத்தியவர்கள் என்னைப் பேச அழைத்தார்கள். ஈயத் திருகின் அருமையை விளக்கினேன். கைதட்டினார்கள்! காசிமின் பெயரை நான் சொல்லவில்லை.

போன மாதம் அவன் இறந்துபோனான். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய என்னிடம் மரியம் அழுதாள்.

"அண்ணே, அன்னிக்கு அவுங்க செஞ்ச தப்ப அல்லா மன்னிக்கணும்னு துஆ கேளுங்கண்ணே. நீங்க கேட்டா அவன் ஏத்துக்குவான், கபூலாகும்."

நான் கைகளை ஏந்தினேன். அவள் சொன்னபடியே கேட்டேன்...

"ஆமீன்" என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.