பட்டியலில் இல்லாத தொட்டி

தருமபுரியில் என் அம்மா காக்கைக்குத் தண்ணீர் வைப்பது பிடி போன அலுமினியச் சட்டியில். அதற்குத் தனிப்பெயர் கிடையாது. லிங்கராஜபுரத்தில் முதல் மாடி வாடகை வீட்டுக்கு வந்தபின் நானும் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தேன், ஆனால் நர்சரியில் வாங்கிய, இடுப்பளவு உயரக் கால் வைத்த சிமெண்ட் கிண்ணத்தில். நர்சரிக்காரர் அதை ‘பேர்ட் பாத்’ என்றார். பறவை குளிக்கும் தொட்டி, அவ்வளவுதான். வந்த மைனாக்கள் குளித்ததைவிடக் குடித்ததுதான் அதிகம். இருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் மாறும். ஐ.டி. வேலையில் பத்து வருடம் இருந்தால் வரும் வியாதி அது.

மழை தொடங்கிய ஜூன் மாதம். வேலை நெருக்கடியில் இரண்டு வாரமாகப் பால்கனிப் பக்கமே போகவில்லை. டெங்கு பரவுகிறது என்று வீடு வீடாகச் சோதிக்க வந்த சுகாதாரப் பணியாளர் அம்மா, கையில் அச்சடித்த பட்டியலோடு பால்கனி வாசலில் நின்றார். டிரம், டயர், இளநீர் ஓடு, பூந்தொட்டித் தட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என் கிண்ணத்தைக் காட்டினார்.

“இது என்னா தொட்டி மேடம்?”

“பேர்ட் பாத். தினமும் க்ளீன் பண்றோம்.”

க்ளீன் பண்ணுவதாகச் சொன்னது பொய். எனக்கு மீட்டிங்குக்கு நேரமாகியிருந்தது. அவர் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். “லிஸ்ட்ல இல்ல மேடம், பரவால்ல” என்று கதவோரச் சுவரில் சாக்பீஸால் தேதியைக் குறித்துவிட்டுப் போனார். சட்டி என்று சொல்லியிருந்தால் எட்டிப் பார்த்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும்.

மாலையில் உறுத்தல் தாங்காமல் போய்ப் பார்த்தேன். தண்ணீர் முழுக்கக் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அதற்குள் கொசுவாகிப் பறந்துபோனவை எத்தனையோ. தண்ணீரைப் பூந்தொட்டி மண்ணில் கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கவிழ்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கீழ் வீட்டுப் பெண் மாடிப்படியில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவள். குழந்தைக்கு ஆறு வயது.

“பாப்பாவுக்கு என்ன?”

“ஜுரம்க்கா. மழைல ஆடுச்சு, அதான். மாத்திர குடுத்திருக்கேன்.”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. “நல்லா ரெஸ்ட் எடுக்க விடுங்க” என்று மட்டும் சொன்னேன். அடுத்த இரண்டு நாளும் கீழே குழந்தை அழும் சத்தத்தைக் கேட்டபடியே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்குதான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. மறுநாள் காலை, மாற்றுத் துணி எடுக்க வந்த குழந்தையின் அப்பாவை வாசலில் நிறுத்தி வீட்டு ஓனர் கத்திக்கொண்டிருந்தார்.

“அந்த டிரம்ம மூடி வைன்னு எத்தன வாட்டி சொல்றது? அடுத்த மாசம் வீட்ட காலி பண்ணு.”

அந்த மனிதர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படியில் நின்ற நான் இறங்கி அவர்கள் பக்கத்தில் போனேன்.

“டிரம் இல்ல சார். என் பால்கனித் தொட்டியிலதான் புழு இருந்துச்சு. நான் பாத்தேன்.”

ஓனர் உடனே குரலைத் தாழ்த்தினார். “அப்டியா மேடம்? பரவால்ல, இனிமே பாத்துக்குங்க.”

காலி பண்ணச் சொன்ன பேச்சு அதோடு நின்றது. குழந்தையின் அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார். நானும் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டு வாசலில் பாப்பாவின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“படிக்கட்டுல பாப்பாவுக்கு என்னன்னு கேட்டீங்களே, அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“எங்க டிரம்ம லிஸ்ட்டோட வந்த அந்தம்மா டார்ச் அடிச்சுப் பாத்து ஒண்ணும் இல்லன்னாங்க. அந்த தைரியத்துலதான் மூணு நாளு டெஸ்ட் எடுக்காம இருந்துட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். வார்டுக்குள் திரும்பிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து பிளேட்லெட் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அம்மா என்னைப் படியில் பார்த்தால் சிரிக்கிறாள், தண்ணீர் லாரி வந்தால் குரல் கொடுக்கிறாள். அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. மேடம் என்கிறாள்.