நான் அமுக்காமல் விட்ட பட்டன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியறையில் நடந்தது இது. கல்யாணம் என் பள்ளித் தோழனின் மகளுக்கு. வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், அந்தத் தோழனைத் தவிர.

அவன் வளைகுடாவில் கட்டடம் கட்டும் கம்பெனி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறான். டிக்கெட் எடுத்த பிறகு லீவை ரத்து செய்துவிட்டார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கவும் வழியில்லை. மாப்பிள்ளையும் அதே பாலைவனத்துக்கு மறு வாரம் திரும்ப வேண்டியவர். என் தோழன் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நிக்காஹுக்கு முன்னால் மணப்பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்பது அவர்கள் வழக்கம். தகப்பன் வர முடியாவிட்டால் அவர் சார்பில் வக்கீலாக ஒருவர் கேட்கலாம்.

"எங்க அண்ணன் சபையில வக்கீலா இருக்கட்டும்லே. பிள்ளைகிட்ட மட்டும் நானே கேட்டுக்கிடுதேன். அவ வாயால சொல்லுதத நான் கேக்கணும்" என்றான்.

"அதுக்கென்னலே, நான் இருக்கேன்" என்றேன். இந்த வாக்கியத்தால் நான் பட்ட பாடுகளைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம்.

சிக்கல் என்னவென்றால் அந்த மண்டபத்தில் சிக்னல் கிடையாது. பெண்கள் பகுதி பின்கட்டில். அங்கே போனைக் கொண்டுபோனால் அது வெறும் கண்ணாடித் துண்டு. மாடியில் சாமான் போட்டுவைக்கும் அறையின் மேற்கு ஜன்னலில் மட்டும் மூன்று கோடு தெரியும். ஆகவே நான் வகுத்த திட்டம் இது: சிம் போட்ட சின்ன ஹாட்ஸ்பாட் கருவியை அந்த ஜன்னலில் வைப்பது. அதிலிருந்து ஒரு ஒயர் வழியாக நெட்டை ஒரு பயண ரவுட்டருக்குக் கொடுப்பது. ரவுட்டர் வைஃபையைக் கீழே பின்கட்டு வரைக்கும் கொண்டுசேர்க்கும். தீப்பெட்டி இரண்டை அடுக்கிவைத்த அளவில் இருக்கும் அந்த ரவுட்டரை இதற்காகவே ஆன்லைனில் வாங்கினேன். ஒயர் ஒன்றுதான், போக்குவரத்து இரண்டு. ஹாட்ஸ்பாட் ரவுட்டருக்கு நெட் கொடுக்கும். ரவுட்டர் ஹாட்ஸ்பாட்டுக்குச் சார்ஜ் கொடுக்கும். கொண்டான் கொடுத்தான் உறவு மாதிரி.

முந்தின நாள் சோதித்துப் பார்த்தபோது பிரமாதமாக வேலை செய்தது. பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கினேன். பிரியாணி மாஸ்டருக்குக்கூட விளக்கினேன். அவர் அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

கல்யாணத்தன்று பத்தரை மணிக்கு மாடியேறினால், அறையில் இருந்த ஒரே பிளக் பாயிண்டை மைக் செட்டுக்காரர் பிடித்துவைத்திருந்தார். நான் கலங்கவில்லை. அவருடைய ஆம்ப்ளிஃபயரின் முகத்தில், பாட்டுப் போட பென் டிரைவ் சொருகும் ஓட்டை ஒன்று சும்மா இருந்தது. ரவுட்டரின் ஒயரை அதில் சொருகினேன். விளக்கு எரிந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். ராத்திரியெல்லாம் ஹாட்ஸ்பாட்டில் ரவுட்டர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியதில் அதன் பேட்டரி கிட்டத்தட்ட காலி என்பது நினைவிலேயே இல்லை.

பதினொரு மணிக்குத் தோழன் வீடியோ அழைப்பில் வந்தான். கீழே மணப்பெண் பக்கத்தில் அவள் உம்மா ஒரு போனோடு உட்கார்ந்திருந்தார். மேற்பார்வை பார்க்க என் போனிலும் அதே அழைப்பில் இருந்தேன். தோழன் தலையில் மஞ்சள் ஹெல்மெட், முதுகுக்குப் பின்னால் பாதி எழும்பிய கட்டடம். சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கியது அரை மணி நேரம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும்..." என்றான். படம் போய்விட்டது.

இரண்டு நிமிடம் கழித்து ரவுட்டர் தானாக உயிர்த்தது. "கேக்குதாலே?" என்றான். மறுபடி போய்விட்டது. மூன்றாம் முறை அவன் மூக்கு மட்டும் வந்தது.

என்னுடைய பதற்றத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் கருவியைத் திட்டுவேன். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு அலைவேன். அன்றைக்கு ஹாட்ஸ்பாட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். நாற்காலி மேல் ஏறினேன். ஒரு கட்டத்தில் சிக்னல் கூடும் என்று நினைத்து வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன்.

படிக்கட்டின் கீழேயிருந்து தோழனின் அண்ணன் குரல் கொடுத்தார். "என்னவே, மாப்பிள்ளைகூட இவ்வளவு வெக்கப்படல. உம்ம இன்டர்நெட்டுக்கு என்ன வந்துட்டு? நிக்காஹ் ஓத ஹஜ்ரத் காத்திருக்காரு."

"ரெண்டே நிமிசம் அண்ணாச்சி."

"அந்த ரெண்டு நிமிசத்த காலையிலேந்து சொல்லுதீரு. முடியலன்னா சொல்லும், நானே கேட்டுட்டு வாரேன்."

நியாயமான பேச்சு. ஆனால் கடல் தாண்டி ஒருவன் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருக்கிறானே. அவனுடைய அரை மணியில் பன்னிரண்டு நிமிடத்தை நான் தின்றுவிட்டேன்.

அப்போதுதான் அந்த மனிதர் மேலே வந்தார். வெள்ளை வேட்டி, வெயிலில் கறுத்த கை, கழுத்தில் சின்னச் சிலுவை. கடற்கரை ஊரான உவரிக்காரர். வளைகுடாவில் என் தோழனோடு ஒரே அறையில் எட்டு வருடம் இருந்து, இப்போது ஊர் திரும்பி மீன்பிடிக்கப் படகில் போகிறவர். கல்யாணத்துக்கு விடியற்காலையில் ஒரு பெட்டி நெய்மீனோடு வந்திறங்கியிருந்தார்.

"அண்ணாச்சி, நாற்காலிய விட்டு இறங்கும். விழுந்தா அதுவேற ஒரு சோலி" என்றார். குனிந்து ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போய் ஆம்ப்ளிஃபயரில் வந்து நின்றார். "இதுலயா சொருவி வச்சிருக்கீரு?"

"லைட்டு எரியுதே."

"லைட்டு எரியும். தெம்பு இருக்காது. படகுல பேட்டரி எறங்கின நேரம் வயர்லெஸ்ஸ போட்டா இப்படித்தான், விளக்கு எரியும், பேசப் போனா செத்துரும். அங்கன பாரும், அந்தக் குட்டி ஹாட்ஸ்பாட்டு பசியில கெடக்கு. இந்த ரவுட்டரு தனக்கே இல்லாம அதுக்கு வேற ஊட்டுது."

வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பவர் பேங்கை எடுத்தார். செங்கல் கனம். கடலுக்குக் கொண்டுபோவதாம். ரவுட்டரை அதில் மாட்டினார். ஒயர் கொஞ்சம் லூசாக இருந்தது. ஒரு பக்கமாக மடக்கிப் பிடித்தால்தான் நின்றது. ஆகவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கீழ போங்க, நான் பிடிச்சிக்கிடுதேன். நீங்கல்லா அவன் கூட்டாளியா சபையில இருக்கணும்" என்றேன்.

"உம்ம கை ஆடுதுவே. பைய உட்காரும்."

தோழன் வந்தான். இந்த முறை முழு முகம். திரையில் பக்கத்துக் கட்டத்தில், மணப்பெண் மடியில் வைத்த இரண்டு மருதாணிக் கைகள் மட்டும் தெரிந்தன. அவள் உம்மா போனை அப்படித்தான் பிடித்திருந்தார். தோழன் தொண்டையைச் செருமினான். மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹரையும் சொன்னான். எழுதி வைத்துப் படித்தது போல இருந்தது. பிறகு குரலை இறக்கி, "வாப்பா கேக்கேம்மா. ஒனக்குச் சம்மதமா?" என்றான்.

அத்தோடு எல்லாம் நின்றுவிட்டது.

சத்தம் இல்லை. அவன் முகம் அசையவில்லை. கைகள் அசையவில்லை. ஐந்து நொடி, பத்து நொடி.

"போச்சு! ஹேங் ஆயிட்டு!" என்று அலறினேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துவிட்டு மறுபடி போடுவது. ரவுட்டரின் பட்டனை நோக்கி விரலை நீட்டினேன். உவரிக்காரர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலை இழுக்கிற கை, அசைக்க முடியவில்லை.

"அவன் முதுகுக்குப் பின்னால பாரும்" என்றார் மெதுவாக.

பார்த்தேன். தோழனின் ஹெல்மெட்டுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு கிரேன் கை வானத்தில் பையப் பையத் திரும்பிக்கொண்டிருந்தது.

"லைன் இருக்குவே. பிள்ளை அழுவுது. அவனும் அதத்தான் கேட்டுக்கிட்டு நிக்கான்."

காதைப் போனோடு ஒட்டிவைத்தேன். அப்போதுதான் கேட்டது, மூச்சை உள்ளே இழுக்கிற ஒரு சின்னச் சத்தம். ஒரு மருதாணிக் கை எழுந்து கட்டத்துக்கு வெளியே போய், ஈரத்தோடு திரும்பி மடியில் அமர்ந்தது. தோழன் அவசரப்படுத்தவில்லை. இருபது வருடம் மகளின் வளர்ச்சியையெல்லாம் போனில் பார்த்தவன், அந்த அழுகையை முழுதாகக் கேட்டு முடிக்கிற உரிமை தனக்கு உண்டு என்பதைப் போல நின்றான்.

"சம்மதம் வாப்பா" என்றாள்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலையை ஆட்டினான். இங்கே மாடியில் உவரிக்காரரும் தலையை ஆட்டினார். கட்டை விரலை ஒயரிலிருந்து எடுக்கவே இல்லை.

நிக்காஹ் முழுவதையும் நாங்கள் இருவரும் மைக் வழியாகத்தான் கேட்டோம். எல்லாம் முடிந்து பிரியாணிக்கு இறங்கும்போது அவருடைய கட்டை விரல் வெளிறிப்போய் ஒயரின் அச்சு பதிந்திருந்தது. "மன்னிச்சிருங்கண்ணாச்சி, உங்களால மேடையப் பாக்க முடியலையே" என்றேன். "அவன் முகத்தப் பாத்தாச்சுல்லா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் பந்தியை நோக்கி நடந்தார்.

அந்தப் பட்டனை மட்டும் அமுக்கியிருந்தால், அவள் அழுது முடிப்பதற்குள் ரவுட்டர் அணைந்திருக்கும். அது திரும்பி வருவதற்குள் அண்ணன் உள்ளே போய்க் கேட்டு முடித்திருப்பார். இன்றைக்கும் போனில் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்திவிட்டால், "ஹலோ, ஹலோ" என்று கத்த எனக்கு வாய் துடிக்கிறது. ஆனாலும், பேச்சு நின்ற பிறகும் அந்தப் பக்கம் ஒரு மனுஷர் இருக்கக்கூடும் என்று அந்த மாடியறையில் என் மணிக்கட்டைப் பிடித்து ஒருவர் சொல்லிக்கொடுத்துவிட்டதால், இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன்.