அறிக்கையில் விட்டுப்போன பெயர்கள்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. குன்னூர் ஆலயத்தில் நடக்கும் நினைவு ஆராதனைக்கு மழையோடு மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் எங்கள் வணக்கம். மூத்த மகளாகிய என்னை இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள். அப்பா முன்கோபக்காரர். சட்டையில் ஒரு பொத்தான் குறைந்தால் வீடே அதிரும். அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

அப்பா பிறந்தது கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில். அவருடைய தகப்பனார் அங்கே ரைட்டர். வேலையாட்களின் பெயர்ப் பதிவேடான செக்ரோலை எழுதுவது அவர் பொறுப்பு. அதன் பழைய தாள்களின் பின்பக்கத்தில்தான் அப்பா எழுதப் பழகினார். மிஷன் பள்ளியிலும் பிறகு சென்னையிலும் படித்து, இலங்கை மலைநாட்டில் இந்தியத் தொழிலாளர்களுக்காக இருந்த இந்திய அரசுப் பிரதிநிதியின் அலுவலகத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்தார். தோட்டத் துரைமாரின் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று சொல்லும், தமிழ்ப் பத்திரிகை வேறு சொல்லும். இரண்டுக்கும் பதில் எழுதுவது அப்பா. எதையும் கடிதம் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அறிக்கை கொடுப்பார்.

ஒரு வருஷம், அங்கே ஒரு தோட்டத்தில் காய்ச்சலால் ஆட்கள் சாகிறார்கள் என்று தமிழ்ப் பத்திரிகை எழுதியது. அப்பா கடிதம் எழுதிக் கேட்டார். எவரும் இறக்கவில்லை என்று தோட்டத்திலிருந்து பதில் வந்தது. அதை நம்பி, 'உயிரிழப்பு இல்லை' என்று அறிக்கை கொடுத்துவிட்டு விடுப்பில் குன்னூருக்கு வந்தார். நான் அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்து வீட்டில் இருந்தேன். அப்பா சொல்லச் சொல்ல டைப் அடிப்பது நான்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட வந்தார். அம்மாவின் தம்பி, அவரும் குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டர். மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இனி இதைச் சொல்லலாம். மேசையில் கிடந்த அந்தக் கடிதங்களின் நகலைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மச்சான், செக்ரோல்ல இருக்கறவன் எப்படிங்க சாவான்? காய்ச்சல்னு லைன் வீட்டுல படுத்தா மூணாம் நாளே பேரை வெட்டிருவோமுங்க. அப்பறம் செத்தா அவன் எஸ்டேட் ஆளே இல்லீங்களே. வேலையை விட்டுட்டுப் போயிட்டான்னு ஊட்டுக்கு ஒரு கார்டு போயிரும்."

அப்பா எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். தம் தகப்பனார் சிவப்பு மையால் பெயரின் மேல் கோடு கிழிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். தோட்டத்துக்கு அவர் எழுதிய கேள்வி இது: 'செக்ரோலில் உள்ளவர்களில் எவரேனும் இறந்தனரா?' வேறு யாராவது எழுதியிருந்தால், யாராவது செத்தார்களா என்று கேட்டிருப்பார்கள். ரைட்டர் மகன் ரைட்டர் மாதிரியே கேட்டிருந்தார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஒரு சென்னைப் பத்திரிகைக்காரர் ஊட்டியிலிருந்து வருவதாக ஏற்பாடு. அவரிடம் அப்பா அறிக்கையை உறுதிசெய்துவிட்டால் காய்ச்சல் சாவு பற்றிய விசாரணைக் கோப்பை அலுவலகத்தில் மூடிவிடுவார்கள். செத்தவர்களின் வீட்டில் பிள்ளை எங்கேயோ இருக்கிறான் என்று காத்துக்கொண்டே இருப்பார்கள். அன்று காலையில் மேலதிகாரியின் தந்தி வந்தது. அறிக்கைக்கு மேல் ஒரு சொல்லும் பேச வேண்டாம் என்று அதில் இருந்தது.

"ஏனுங்க, உங்க வேலை போனாலும் பொழச்சுக்கலாமுங்க. என் தம்பி பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுங்க. அவன் எஸ்டேட் துரைக்குத் தெரிஞ்சா அன்னிக்கே ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிருவான்" என்றார் அம்மா. அப்பா தந்தியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அப்பா தந்தியில் உள்ளபடி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் ஜெபித்தேன். உண்மையை எழுதுகிறேன்.

பத்திரிகைக்காரர் நனைந்தபடி வந்தார். நோட்டைத் திறந்து, "அறிக்கையை உறுதி பண்றீங்களா?" என்று கேட்டார்.

அப்பா தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"என் அறிக்கை தப்புங்க" என்றார் அப்பா.

"அப்படின்னு யாரு சொன்னாங்க?"

கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா ஓரடி முன்னே வந்தார்.

"யாரும் சொல்ல வேண்டியதில்லீங்க. எங்கப்பா ரைட்டரா இருந்தவரு. காய்ச்சல்காரங்க பேரை அவரு வெட்டறதை நானே பார்த்திருக்கறேன். நான் கேட்ட கேள்வியே தப்பு. வெட்டுன பேரைக் கேட்டு வாங்குங்கன்னு எழுதுங்க."

ஊரே நல்லவர் என்று சொன்ன, இறந்துபோன தம் தகப்பனாரைப் பத்திரிகையில் ஏற்றிவிட்டார். மாமா தப்பினார். ஆனால் அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் அதன்பின் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. இன்று அவர்களின் பிள்ளைகளான நீங்கள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். வந்ததற்கு நன்றி.

விசாரணை மறுபடி தொடங்கியது. காய்ச்சலில் செத்து, செக்ரோலில் வெட்டப்பட்டவர்களின் பதினொரு பெயர்கள் கிடைத்தன. பதினொரு வீட்டுக்கும் சாவுச் செய்தியை அப்பாவே தம் கைப்பட எழுதினார். அவரைப் பத்திரிகை வேலையிலிருந்து எடுத்துப் பழைய கோப்புகள் அறையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். என் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. ஒரு வருஷம் நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசி நாட்களை அருவங்காட்டில் என் தம்பி வீட்டில் கழித்தார். பார்வை மங்கிய பிறகு அந்தப் பதினொரு பெயரையும் தினமும் என்னை வாசிக்கச் சொல்வார். ஒன்றை விட்டாலும் கோபம் வந்துவிடும். அப்பாவை இரவு பகல் பாராமல் கவனித்த டாக்டருக்கும், வாரம் தவறாமல் வந்து ஜெபித்த போதகருக்கும், வழுக்கும் பாதையில் பெட்டியைத் தோளில் சுமந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த மலரை அச்சிட்டவருக்கும் நன்றி. அவர் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டார். "கடைசிப் பக்கத்துல பதினொரு பேர் இருக்குதுங்களே, உங்க சொந்தக்காரங்களுங்களா? இல்லீன்னா எடுத்துரலாமுங்க. அப்பா படத்தைப் பெருசாப் போடலாம்."

"படத்தைச் சின்னதாக்கிக்கோங்க. பேர்ல ஒண்ணையும் வெட்ட வேண்டாமுங்க" என்றேன்.

அப்பாவின் படம் இதில் சிறியதாக இருப்பது அதனால்தான்.