டீக்கடையில் வந்த நல்ல தமிழ்

பாகூர் ஏரிக்கரை டீக்கடையில்தான் அவரைப் பார்த்தேன். கழுத்தில் பைனாகுலர், முழங்கால் வரை காய்ந்த சேறு. ஏரிப் பறவைகளையும் ஊர்க்காரர்களின் பேச்சையும் எழுதுகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். யார் பேசினாலும் உதடசைத்து, அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

"வாருங்கள் ஐயா, தேநீர் அருந்துகிறீர்களா?" என்றார் கடைக்காரர்.

எழுத்தாளரின் முகம் சுருங்கியது. "யோவ், என் புக்கு வர்ற வரைக்கும் 'இன்னாண்ணே, டீ வோணுமா'ன்னுதான கேட்ட?"

"நீங்கதான் எல்லாத்தையும் எழுதிடுறீங்களே சார். படிக்கிறவங்க நம்ம ஊர இன்னா நெனப்பாங்க?"

பெஞ்சில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். மின்கம்பியில் கத்திக்கொண்டிருந்த மீன்கொத்தியை எழுத்தாளர் எரிச்சலோடு காட்டினார். "அவன் ஒருத்தன்தான்யா என்னப் பாத்துப் பேச்ச மாத்திக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எந்த ஊருபா?"

என் வீட்டில் 'இன்னா', 'வூடு' என்கிற பேச்சைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் மடுகரையிலிருந்து வருகிறேன், ஐயா" என்றேன்.

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு அவர் ஏரிப் பக்கம் இறங்கி நடந்தார். எனக்கே என்மேல் கோபம் வந்தது. கூப்பிட்டு நிறுத்த வாயைத் திறந்தேன்.

"மன்னிக்கவும்" என்றுதான் வந்தது.