யாழ்ப்பாணத் தமிழ் பேசிய கொரிய இளவரசன்

வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கும் குகதாசுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். கடை பூட்டிய நேரங்களில் கொரிய நாடகங்களை இணையத்திலிருந்து இறக்கி, தமிழில் சப்டைட்டில் எழுதி, கடைசியில் தன் பெயரையும் போட்டு எல்லோருக்கும் இலவசமாக அனுப்புவான். அவன் கைபட்டால் கொரிய இளவரசனும் "ஓமோம், வாறன்" என்றுதான் சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத யாரோ ஒருவனின் இணையச் சனலில் அதே இளவரசன் அதே "ஓமோம், வாறன்" சொன்னான். குகதாசின் பெயரை மட்டும் காணவில்லை.

"களவெடுத்துப்போட்டான்! என்னட்ட ஒரு வார்த்தை கேட்டவனோ?" என்று துள்ளியபடி முறைப்பாடு எழுத உட்கார்ந்தான். 'அடுத்தவன் உழைப்பைக் கேளாமல் எடுப்பது திருட்டு' என்பது முதல் வரி.

தேத்தண்ணீரோடு வந்த மனைவி மேனுகா அதை வாசித்தாள்.

"நல்லா எழுதியிருக்கிறியள். அந்தக் கொரியாக்காரரிட்ட நீங்கள் கேட்டனீங்களோ?"

குகதாஸ் தன்னை மறந்து சிரித்துவிட்டான்.

பின்னேரமே கடிதம் போனது, நாடகம் எடுத்த கொரிய நிறுவனத்துக்கு: 'உங்கள் இளவரசனைக் கேளாமல்தான் யாழ்ப்பாணத் தமிழ் பேசவைத்தேன், மன்னியுங்கள். இனிக் கேட்டுத்தான் செய்வேன். சம்பளம் தந்தால் மகாராணியையும் பேசவைப்பேன்.'