ஜன்னலோர சிக்னலும் காதர் பாயின் டீயும்

ரயில் ஓட்டுகிறவனின் வேலையில் பாதி, ரயில் ஓட்டாமல் இருப்பதுதான்.

அடுத்த வண்டி எப்போது என்று தெரியாது. வீட்டுக்கும் போக முடியாது, வந்த ஊரையும் சுற்றிப் பார்க்க முடியாது. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓட வேண்டும். அதுவரை கட்டிலில் புரண்டுகொண்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள், ரேஷன் கடை வாசலில் "ஆள் இப்ப வந்துடுவாரு" என்பதை நம்பி நின்றவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் ஈரோட்டில் உதவி டிரைவராக இருந்தேன். இப்போது எங்களை லோகோ பைலட் என்கிறார்கள். பெயர் பறக்கிறது, காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. சரக்கு வண்டியைத் தஞ்சாவூரில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நெல் மூட்டை ஏற்றி முடித்துத் திரும்பும் வண்டி தயாராகும்வரை, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ரன்னிங் ரூமில் தங்குவோம். மாடியில் எட்டுக் கட்டில், கீழே அடுக்களை, ஒரு காய் குறைந்த கேரம் போர்டு. அவ்வளவுதான் எங்கள் அரண்மனை.

என் டிரைவர் காதர் பாய். நாகூர்க்காரர். ரிட்டையர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அப்போது அகலப் பாதை தஞ்சாவூரோடு முடிந்தது. அதற்குக் கிழக்கே பழைய மீட்டர் கேஜைப் பெயர்த்துப் புதுப் பாதை போடப் போகிறார்கள் என்று பேச்சு. பாய்க்கு ஒரே ஆசைதான். பெரிய வண்டியைத் தன் கையால் நாகூருக்குள் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், தன் தெருவை ஒட்டிய ரயில்வே கேட்டில் தெருக்காரர்கள் எல்லாம் நின்று பார்க்க வேண்டும். பாதை வேலைக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் "எப்பங்க முடியும்?" என்று கேட்டுவிடுவார்.

ஆளுக்கொரு சட்டி

ரன்னிங் ரூமில் சாப்பாடு கிடைக்காது, சமையல்தான் கிடைக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் அவரவர் இரும்புப் பெட்டியில் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். சமையல்காரர் தனபால் அதை வாங்கி ஆளுக்கொரு சட்டியில் தனித்தனியாகச் சமைத்துத் தருவார். எட்டுப் பேர் இருந்தால் எட்டுச் சோறு, எட்டுக் குழம்பு. கரூர் டிரைவர் ஒருவர் வெங்காயம் தொடமாட்டார். தூத்துக்குடிக்காரர் கருவாடு இல்லாமல் சோற்றைத் தொடமாட்டார். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு அல்சர். இதில் எதையும் தனபால் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை, ஒரு நாளும் சட்டி மாறியதுமில்லை. யாருக்காவது அரிசி குறைந்தால் மற்ற ஏழு பேரிடமிருந்தும் ஆளுக்கொரு பிடி எடுத்துச் சேர்த்துவிடுவார். கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் இந்த ரகசியம் எனக்கே தெரிந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒருநாள் நான் வாயைக் கொடுத்தேன். பசிக் கோபத்தில், சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அரிசி உங்க வீட்டுது, பருப்பு உங்க வீட்டுது, மொளகாப் பொடி உங்க வீட்டம்மா அரைச்சது. ருசி சரியில்லன்னா மட்டும் அது தனபாலா சார்?"

பெரிய கோவில் தெரியும் தூரம்

எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் பெரிய கோவில் விமானம் தெரியும். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் விமானம் ஏறி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானோ மாதத்துக்கு ஆறேழு தடவை தஞ்சாவூர் வந்தும், துவைத்த யூனிஃபாரத்தைக் காயப் போடும்போது பார்த்ததோடு சரி. ஒருநாள் வண்டி சாயங்காலம்தான் என்று உறுதியாகச் சொன்னார்கள். சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு கிளம்பினேன். மேம்பாலத்தைத் தாண்டவில்லை, பின்னால் சைக்கிள் மணி. கோவிந்தன். வண்டி தயாரானதும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து எங்களை எழுப்பிக் கையெழுத்து வாங்குகிறவர் அவர். மூச்சு வாங்க நோட்டை நீட்டினார். எனக்கு வந்த கோபத்தில் பேனாவை உடைத்திருப்பேன்.

அவர் என் வாரிய தலையையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி எங்கயும் போவாது சார். வண்டி போயிடும்."

பிரசங்கத்தில் ஒரு சிவப்பு

எங்கள் தொழிலில் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும். சிக்னல் கண்ணில் பட்டதும் நான் அதன் நிறத்தைச் சத்தமாகச் சொல்வேன், டிரைவரும் திருப்பிச் சொல்வார். இருவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி அதன்படி போகும். இது பழகிவிட்டால் ரோட்டில் போகும்போதும் நாக்கு துறுதுறுக்கும்.

என் மனைவிக்குப் பூதலூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி வண்டி முடித்து நேராக மாமனார் வீட்டுக்குப் போனேன். கண் அசரக்கூட விடாமல் மாதா கோவில் பூசைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். பங்குச்சாமியார் நல்லவர், ஆனால் பிரசங்கத்தைத் தொடங்கினால் முடிக்க மனசு வராது. நான் எப்போது தூங்கினேன் என்று எனக்குத் தெரியாது. திடுக்கிட்டு விழித்தபோது, பீடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் எரியும் அந்தச் சிவப்பு விளக்கு நேராகக் கண்ணில் பட்டது. "சிவப்பு! நிறுத்துங்க!" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி முக்காட்டை இழுத்து முகத்தையே மூடிக்கொண்டாள்.

சாமியார் புத்தகத்தை மூடினார். "நிறுத்திட்டேன் ஆரோக்கியம்," என்றார். "நீங்க உக்காந்து தூங்குங்க."

கல்யாண மண்டபம்

அந்த வருஷங்களில் சிங்கப்பூர், துபாய் பணத்தில் ஊரெங்கும் கல்யாண மண்டபங்கள் முளைத்தன. ஒன்று எங்கள் ரன்னிங் ரூமுக்கு எதிரிலேயே முளைத்தது. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவனுக்குப் பகல் தூக்கம்தான் சொத்து. அந்தச் சொத்துக்கு நேரெதிரே இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள். ஒருநாள் மத்தியானம் கட்டிலே அதிர்ந்தது. சாயங்காலம் நாங்கள் சரக்கு வண்டிக்குப் பதிலாகப் பாசஞ்சர் வண்டி ஒன்றை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சண்டை போடுகிறேன் என்று குதித்தேன். காதர் பாய் என்னை உட்காரவைத்துவிட்டு, கைலியோடு சட்டை மாட்டிக்கொண்டு தானே போனார். நான் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்க.

பெண்ணின் அப்பா வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். அம்மாபேட்டைப் பக்கத்து விவசாயி. பாயும் ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டு, "மாப்பிள்ளை வீடு எந்த ஊருங்க?" என்று விசாரித்தார். கரூர் என்றார் அவர். "பொண்ணு மாப்பிள்ளைய எப்ப அனுப்புறீங்க?" சாயங்காலம் பாசஞ்சரில் என்றார். பாய் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அந்த வண்டிய ஓட்டப் போறவன் நாந்தாங்க. எதிர்த்த மாடியில தூங்கப் பாக்குறேன், தூக்கம் வர மாட்டேங்குது."

பெரியவர் ஒரு நிமிஷம் பாயின் கண்களையே பார்த்தார். பிறகு மண்டபத்துக்குள் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்: "மைக் செட்டுக்காரரே, கழட்டுங்க. கல்யாணம் கொஞ்ச நேரம் சத்தமில்லாம நடக்கட்டும், எம்பொண்ணு பத்திரமா போய்ச் சேரட்டும்."

டீ பந்தயம்

மாடி ஜன்னலிலிருந்து தண்டவாளத்தின் ஓரமாக, நல்ல தூரத்தில், ஒரு சிக்னல் கம்பம் தெரியும். எங்கள் பொழுதுபோக்கு அதுதான். நிறம் மாறியதும் யார் முதலில் சரியாகச் சொல்கிறார்கள் என்று பந்தயம். தப்பாகச் சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். வேலையில் நாளெல்லாம் சிக்னல் பார்த்துவிட்டு ஓய்விலும் சிக்னல் பார்க்கிற பைத்தியங்கள் வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா, தெரியவில்லை.

காதர் பாய் வருஷக்கணக்கில் தோற்றதே இல்லை. அப்புறம் தோற்க ஆரம்பித்தார். முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. கேட்டால், "கைகாட்டி மரம் இருந்த காலத்துல சாஞ்சிருந்தா போ, நேரா இருந்தா நில்லு. இப்ப வெறும் லைட்டு" என்று சிரிப்பார். அந்த நாட்களில் துபாயிலிருந்து மகன் அனுப்பிய கூலிங் கிளாஸ் ஒன்றையும் போட்டுக்கொண்டு திரிந்தார். வயசான காலத்தில் ஸ்டைலைப் பார் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். எங்களுக்கு டீ வாங்கித் தரத்தான் வேண்டுமென்றே தோற்கிறார் என்று நான் நம்பினேன். என் புத்தி டீயோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "இன்னிக்கும் நாந்தானா? சரி, டீ சொல்லு."

பூதலூரில் ஒரு மஞ்சள்

ஒரு சாயங்காலம் காலி வண்டியோடு தஞ்சாவூர் வந்துகொண்டிருந்தோம். பூதலூர் நெருங்கும்போது சிக்னல் கண்ணில் பட்டது. "மஞ்சள்," என்றேன். மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, அடுத்தது சிவப்பாக இருக்கலாம் என்று அர்த்தம். பாய் "பச்சை" என்றார். நான் மறுபடி, "மஞ்சள் பாய்," என்றேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, "மஞ்சள்" என்று சொல்லி பிரேக்கைப் போட்டார். அடுத்த சிக்னல் சிவப்புதான். அதற்கு நன்றாக முன்னாலேயே நின்றுவிட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. என்ஜினில் இருந்த எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியவும் தெரியாது.

ரன்னிங் ரூமில் அன்று பாய் தன் அரிசியைத் தனபாலிடம் கொடுக்கவில்லை. கூலிங் கிளாஸைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு அந்தச் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டார். தன் கண் சரியாகத் தெரியவில்லை, திரும்பும் வண்டியைத் தான் எடுக்க முடியாது, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஆபீசுக்கு நாலே வரி எழுதினார். கண் தேறாது என்று டாக்டர் எழுதிவிட்டால் என்ஜினில் ஏறவே முடியாது. நாகூர் கேட், தெருக்காரர்கள் எல்லாம் அவ்வளவுதான். "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன் பாய். எப்பவும் நான் கூட இருக்கேன். நான் சொல்றத வெச்சு ஓட்டுங்க. நாகூர் லைன் வர்ற வரைக்குமாவது," என்று கெஞ்சினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதும்விட்டேன்.

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அன்னிக்கு அந்த மனுஷன் மைக் செட்ட நிறுத்துனாரே, என் கண்ண நம்பித்தானே தம்பி?"

அதே ஈரோட்டுக்கு

மறுநாள் திரும்பிய வண்டியை வேறு டிரைவர் ஓட்டினார், நான் உதவி. காதர் பாய் தன் இரும்புப் பெட்டியோடு பாசஞ்சரில் டிக்கெட் பயணியைப் போல ஈரோட்டுக்குப் போனார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. ஆபரேஷன் செய்தாலும் இனி என்ஜின் வேலை கிடையாது என்று எழுதிவிட்டார்கள். மிச்சமிருந்த சர்வீஸ் முழுக்க, எந்த வண்டிக்கு யார் என்று பட்டியல் போடும் ஆபீசில் உட்கார்ந்தார். ஓய்வு முடியாத ஆளை அவர் ஒரு நாளும் வண்டிக்குக் கூப்பிட்டதில்லை. அதிகாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அவர் பதில் இதுதான்: "ஆளு தூங்குறாரு சார். எழுப்புனா வண்டி போவும், போய்ச் சேருமான்னு தெரியாது."

நாகூர்

பாதை வேலை அவருடைய ரிட்டையர்மெண்டுக்குள் முடியவில்லை, அதைத் தாண்டியும் பல வருஷம் இழுத்தது. திறந்த முதல் வாரத்தில் நாகூருக்கு ஒரு வண்டியைக் கொண்டுபோகும் முறை எனக்கு வந்தது. அப்போது நான் டிரைவராகித் திருச்சிக்கு மாற்றலாகியிருந்தேன். பாய்க்கு முன்னாலேயே போன் செய்து சொன்னேன். அவர் சொன்ன கேட்டைத் தாண்டும்போது இருபுறமும் ஒரு தெருவே நின்றது. குழந்தைகள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன், அவர் கை அசைக்க வேண்டிய இடத்தில்.

பிளாட்பாரத்தின் முனையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் நின்றார் காதர் பாய். நான் இறங்குவதற்குள் என்ஜின் பக்கம் வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு, "ஊருக்குள்ள வரும்போது என்ன சிக்னல் குடுத்தான்? பச்சைதானே?" என்று கேட்டார். "இல்ல பாய், மஞ்சள்," என்றேன். வந்து நிற்கப் போகிற வண்டிக்கு மஞ்சள்தான் போடுவார்கள். முப்பது வருஷம் ஓட்டிய மனிதருக்கு அது தெரியாமல் இருக்குமா? அவர் என் தோளில் கை போட்டுக் கடைப் பக்கம் நடத்தினார்.

"தோத்துட்டேன் ஆரோக்கியம். வா, டீ என்னோடது."

இத்தனை வருஷம் காத்துக் கிடந்ததில் எனக்கு மிச்சம் என்னவென்று கேட்டால், பாய் வாங்கிக் கொடுத்த டீக்களும், அவற்றில் பாதியை நான் நியாயமாக ஜெயிக்கவில்லை என்கிற உறுத்தலும்தான்.